ஜெர்மன் நண்பனுக்கு 30 வயது, எப்படிக் கொண்டாடலாம்?

கேள்வி:
ஜெர்மனியில் பிரேமன் நகரத்துக்கு நான் வேலைக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. என் அறைத்தோழனுக்குச் சனிக்கிழமை பிறந்தநாள். முதல் குளிர்காலத்தில் நான் காய்ச்சலில் கிடந்தபோது சூப் வைத்துக் கொடுத்தவன், அதனால் நன்றாகச் செய்ய ஆசை. வெள்ளிக்கிழமை ஆபீஸிலேயே கேக் வெட்டி வாழ்த்திவிடலாமா?

பதில் 1:
வேண்டவே வேண்டாம். இங்கே முன்கூட்டியே வாழ்த்துவது அபசகுனம். நான் ஒருமுறை முந்தின நாளே சொல்லிவிட, தோழியின் முகமே மாறிவிட்டது. வெள்ளி இரவு கூடி, 12 மணி அடித்ததும் கட்டிப்பிடித்து வாழ்த்துங்கள். 10 மணிக்கு மேல் சத்தம் கூடாது, பக்கத்து வீடுகளில் சொல்லி வையுங்கள்.

பதில் 2:
ஆபீஸுக்குக் கேக் கொண்டுவருவது பிறந்தநாள்காரரின் வேலை, நம் ஊரில் பள்ளிக்கூடத்தில் சாக்லேட் கொடுத்தோமே, அதே மாதிரி. அப்புறம், கல்யாணமாகாத ஆணுக்கு 30 ஆனால் பிரேமனில் பேராலயப் படிக்கட்டைப் பெருக்க வைப்பார்கள். நண்பர்கள் பாட்டில் மூடிகளைக் கொட்டிக்கொண்டே இருப்பார்கள், ஒரு பெண் வந்து முத்தம் கொடுத்தால்தான் விடுதலை. அவருடைய பழைய நண்பர்களிடம் கேளுங்கள், ஏற்கனவே மூடி சேர்த்துக்கொண்டிருப்பார்கள்.

கேட்டவர்:
கேட்டேன், இரண்டு பை நிறையச் சேர்த்திருக்கிறார்கள்! சரி, ராத்திரிக்கு நான் சேமியா பாயசம் வைக்கிறேன், அவனுக்கு ரொம்பப் பிடிக்கும்.