அனுபவப் பகிர்வு: ஸ்னைப்பர் வேலையில் குறி எங்கே தப்புகிறது?

மஞ்சக்குப்பம்:
கடலூர் அண்ணா விளையாட்டரங்கத்தில் ஆள்சேர்ப்புக்காக விடிகாலையில் ஓடும் பையன்களில் பலருக்கு ஸ்னைப்பர் (மறைந்திருந்து தூரத்து இலக்கைச் சுடும் வீரர்) ஆகும் ஆசை இருக்கிறது. 2017-ல் கனடா வீரர் ஒருவர் இராக்கில் 3,540 மீட்டர் சுட்டது அவர்களுக்கு மனப்பாடம். ஆனால் 400 மீட்டரிலேயே குறி ஏன் தப்பும் என்று கேட்டால் முழிக்கிறார்கள். வேலை தெரிந்தவர்கள் களத்தில் எதிர்ப்படுவதை எழுதுங்கள். சொந்தக் கதை வேண்டாம், விவரம் போதும்.

முதுநகர் சுபேதார்:
தம்பி, ட்ராகுனோவ் என்கிற ஸ்னைப்பர் துப்பாக்கியிலிருந்தே ஆரம்பிக்கலாம். நம்ம படையில் நெடுங்காலமாக இருப்பது அதுதான். 10 தோட்டா மேகஸின், 4 மடங்கு பெரிதாகக் காட்டும் ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி). ஸ்கோப்புக்குள் இடது கீழ் மூலையில் ஒரு வளைகோடு தெரியும். ஆளின் கால் அடிக்கோட்டிலும் தலை வளைகோட்டிலும் படுகிற இடத்தில் இருக்கும் எண்தான் தூரம். 4 என்றால் 400 மீட்டர்.

அந்தக் கோடு 1.7 மீட்டர் உயர ஆளுக்குப் போட்டது. பதுங்குகுழியில் நிற்பவனுக்கு இடுப்புக்கு மேல்தான் தெரியும். அவனை அப்படியே கோட்டில் பொருத்தினால் 400 மீட்டர் 800 என்று காட்டும். அதை நம்பி ஸ்கோப்பின் தூரத் திருகைத் திருகினால் தோட்டா அவன் தலைக்கு மேலே ஓர் ஆள் உயரத்தையும் தாண்டிப் போகும். புதுசாக வருகிறவர்கள் திரும்பத் திரும்பச் செய்கிற தப்பு இது. கண் சரி, கை சரி, கணக்குத்தான் தப்பு.

மலையில் இன்னும் இரண்டு சேரும். 5,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி நம்ம ஊர்க் காற்றில் ஏறக்குறைய 60 சதவீதம்தான். தடை குறைவதால் தோட்டா வேகத்தை அவ்வளவாக இழக்காது. சமவெளியில் ஜீரோ செய்த (தோட்டா குறியில் படும்படி ஸ்கோப்பைச் சரிசெய்த) அளவையே வைத்துக்கொண்டு தூரத்தில் சுட்டால் மேலே போகும். அடுத்தது சரிவு. 30 டிகிரி சரிவில் 600 மீட்டர் தள்ளி இருக்கும் இலக்குக்குக் கிடைமட்டத் தூரம் 520 மீட்டர்தான், அதற்குத்தான் திருக வேண்டும். மேலிருந்து கீழே சுட்டாலும் கீழிருந்து மேலே சுட்டாலும் இந்தக் கணக்கை விட்டால் தோட்டா மேலேதான் போகும். கீழ்நோக்கிச் சுட்டால் கீழே போகும் என்று நினைக்கிறவர்கள் அதிகம்.

சொல்தா வீட்டுப் பையன், புதுச்சேரி:
ஐயா சொன்னதோடு காற்றையும் சேர்க்கணும். 7.62 மி.மீ. தோட்டாவை, மணிக்கு 16 கி.மீ. வேகத்தில் பக்கவாட்டில் அடிக்கும் காற்று 600 மீட்டரில் முக்கால் மீட்டருக்குக் குறையாமல் தள்ளும். சுடுகிறவன் முகத்தில் படும் காற்றும் இலக்கின் பக்கத்துக் காற்றும் ஒன்றாக இருக்காது. தேவனாம்பட்டினத்தில் மதியத்துக்கு மேல் கடற்காற்று ஏறும்போது பாருங்க: தரையில் மணல் அசையாது, சவுக்குத் தோப்பின் நுனி மட்டும் சாயும். தோட்டா வளைந்து பறக்கிறது, நடுவழியில் அது அந்த மேல்காற்றுக்குள் போகிறது.

கானலைப் பார்த்தும் காற்றை அறியலாம். ஸ்பாட்டர் (ஸ்னைப்பரின் பக்கத்தில் இருந்து இலக்கையும் காற்றையும் பார்த்துச் சொல்லும் கூட்டாளி) தொலைநோக்கியின் ஃபோகஸை இலக்குக்குச் சற்று முன்னால் வைப்பார். கானல் நேரே மேலே கொதித்தால் பக்கக் காற்று இல்லை. சாய்ந்தால் மெல்லிய காற்று. படுத்து ஓடினால் பலமான காற்று.

கடலோரக் காற்று ஈரமானது, கனமானது, அதனால் தோட்டா சீக்கிரம் விழும் என்று நம்ம பக்கம் சொல்வாங்க. உண்மை நேர்மாறு. நீராவி மற்றக் காற்றைவிட இலேசு, ஈரம் ஏறினால் தடை இம்மியளவு குறையும். கவலைப்பட வேண்டியது உப்பைப் பற்றித்தான். லென்ஸில் படிகிற உப்பைத் துணியால் தேய்த்தால் மேல்பூச்சு கீறிப்போகும். முதலில் ஊதி, பிரஷ்ஷால் தட்டி, அப்புறம்தான் துடைக்கணும்.

குழல் சூடும் கண்ணை ஏமாற்றும். தொடர்ந்து சுட்ட குழலிலிருந்து எழும் அலை ஸ்கோப்புக்கு முன்னால் ஆடும், இலக்கு மிதக்கும். இங்குள்ள சொல்தா (பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்தவர்) குடும்பங்களுக்குப் பழக்கமான பிரெஞ்சுப் படையின் எஃப்ஆர் எஃப்2 ஸ்னைப்பர் துப்பாக்கியில் குழலைச் சுற்றி ஓர் உறை இருப்பது அதற்காகவே.

ஊசுட்டேரி:
ஒரு சின்னச் செய்தி. ‘ஸ்னைப்’ என்பது நம்ம உள்ளான் குருவி. பனிக்காலத்தில் ஏரிச் சேற்றில் இறங்கும், மண்ணோடு மண்ணாக இருக்கும், காலடியில் எழும்பிக் கோணல்மாணலாகப் பறக்கும். 18-ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் இருந்த ஆங்கிலேய அதிகாரிகள் உள்ளான் வேட்டையைப் பற்றிக் கடிதங்களில் எழுதிய சொல்லிலிருந்துதான் ‘ஸ்னைப்பர்’ வந்தது.

முதுநகர் சுபேதார்:
மனசைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். பீரங்கிக்காரருக்கு எதிரியின் முகம் தெரியாது. ஸ்னைப்பருக்கு அவன் டீ குடிப்பது, சட்டையை உதறிப் போடுவது, கூட இருப்பவனோடு சிரிப்பது எல்லாம் மணிக்கணக்கில் தெரியும். அந்த முகம் அவ்வளவு லேசில் போகாது. அப்படி ஒருவர் ஊருக்கு வந்து பேசாமல் உட்கார்ந்திருந்தால் வீட்டில் ‘திமிர்’ என்று நினைக்காதீர்கள். மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

மஞ்சக்குப்பம்:
நன்றி ஐயா. வீட்டிலேயே பழக ஏதாவது இருக்கிறதா?

முதுநகர் சுபேதார்:
இருக்கிறது தம்பி. இந்த வேலையில் பெரும்பங்கு பார்ப்பதும் எழுதுவதும்தான். பார்த்த நேரம், இடம், ஆள், கையில் என்ன, எந்தப் பக்கம் போனான் என்று நோட்டில் ஏறும். கண் களைத்தவன் இல்லாததையெல்லாம் பார்ப்பான், அதனால் அரைமணிக்கு ஒருமுறை ஸ்னைப்பரும் ஸ்பாட்டரும் தொலைநோக்கியை மாற்றிக்கொள்வார்கள்.

வீட்டில் யாரையாவது ஒரு தட்டில் 10 பொருள் வைத்துத் துண்டால் மூடச் சொல்லுங்கள். திறந்து ஒரு நிமிடம் பாருங்கள், மூடுங்கள். உடனே எழுதாமல் 100 மீட்டர் ஓடிவிட்டு வந்து எழுதுங்கள். பெயர் மட்டும் எழுதினால் மதிப்பெண் இல்லை. அளவு, நிறம், வடிவம், நிலை நான்கும் வேண்டும். ‘சாவி’ என்று எழுதினால் தப்பு. ‘விரல் நீளம், பித்தளை, வட்டத் தலை, ஒரு பல் தேய்ந்தது’ என்று எழுதினால் சரி.