ஆர்சி 390 போய் ஆர்ஆர் 310 வந்தது: என் அனுபவம்

பந்தயத் தடத்தில் பழக்கமான ஒரு தம்பியும் நானும் முப்பந்தல் இசக்கியம்மன் கோயில் முன்னால் இரண்டு பைக்கையும் அருகருகே நிறுத்திச் சாவியை மாற்றிக்கொண்டோம். 2023 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஐந்து வருடமாக நான் ஓட்டிய கேடிஎம் ஆர்சி 390 அவருக்கு, அவருடைய டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310 எனக்கு. மேற்கொண்டு 60,000 ரூபாய் நான் கொடுத்தேன், ஏனென்றால் என் வண்டி அவருடையதைவிட ஏறக்குறைய நான்கு வருடம் பழையது, 31,000 கிலோமீட்டர் ஓடியது. அவர் பாளையங்கோட்டை, நான் மார்த்தாண்டம். கைக்கு வந்த வண்டியின் சக்கரத்துக்கு அடியில் ஆளுக்கொரு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றிவிட்டு எதிரெதிர்த் திசையில் கிளம்பினோம். ஆரல்வாய்மொழி வரும்வரை என் ஆர்சியின் ஆரஞ்சுச் சக்கரம் கண்ணாடியில் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தேன்.

இந்த இரண்டு வண்டியில் எது வாங்கலாம் என்று நம் பக்கத்துப் பையன்கள் என் பட்டறைக்கே வந்து கேட்கிறார்கள். இரண்டையும் சொந்தமாக வைத்து, இரண்டையும் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்த்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஆர்சியை நான் எடுத்தது 2018 ஜனவரியில். 373.2 சிசி, 43.5 குதிரைத்திறன், முன்னால் 320 மில்லிமீட்டர் டிஸ்க் பிரேக். ஆக்சிலரேட்டரைத் திருகினால் எஞ்சின் 6,000 ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு 6,000 சுற்று, தாண்டியதும் வண்டி உடம்பைப் பின்னால் விட்டுவிட்டு ஓடுவதுபோல் இருக்கும். அந்த இழுப்புக்காகத்தான் வாங்கினேன். ஆனால் அந்த இழுப்பை வைத்துக்கொண்டு நம் குமரி மாவட்டத்தில் என்ன செய்வது? களியக்காவிளையிலிருந்து நாகர்கோவில் வரைக்கும் ஒரு வீடு முடிவதற்குள் அடுத்த வீடு, ஒரு ஊர் முடிவதற்குள் அடுத்த ஊர். தக்கலையில் மாட்டிக்கொண்டு முதல் கியரில் ஊர்ந்தால் வலது தொடையில் சூடு ஏறும். கைப்பிடி தாழ்வாக இருப்பதால் உடம்பின் பாரம் முழுவதும் மணிக்கட்டில் வந்து இறங்கும். இருந்தாலும் காலை ஐந்தரை மணிக்குக் குலசேகரம் தாண்டிப் பேச்சிப்பாறைப் பக்கம் போகும்போது, ரப்பர் தோட்டத்துக்கு நடுவில் வளைவுக்குள் அது நுழைகிற விதம் இருக்கிறதே, நினைத்த இடத்தில் முன்சக்கரம் போய் உட்காரும். அதற்காக எல்லா வலியையும் பொறுத்துக்கொண்டேன்.

தடத்துக்கு முதலில் போனது 2019-இல், கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் இருக்கிற கரி மோட்டார் ஸ்பீட்வே. பந்தய வீரர் கரிவரதன் பெயரில் இருப்பது. சுற்று 2 கிலோமீட்டருக்குச் சற்று மேல். இருங்காட்டுக்கோட்டைத் தடம் 3.7 கிலோமீட்டர், பெரியது. ஆனால் இங்கிருந்து அது 700 கிலோமீட்டர் தூரம். கோயம்புத்தூர் என்றால் 400-ஐக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். வண்டியை ஒரு குட்டியானையில் கட்டி ஏற்றி, இரவு கிளம்பினால் விடியற்காலையில் போய் இறங்கலாம். வண்டியை ஓட்டிக்கொண்டே போய், அங்கேயும் ஓட்டி, ஓட்டிக்கொண்டே திரும்பலாம் என்று நினைப்பவர்கள் தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். தடத்தில் ஒரு நாள் ஓட்டினால் மாலையில் கை கால் ஓய்ந்துவிடும். அந்த உடம்போடு நான்கு வழிச்சாலையில் இரவில் வருவதுதான் எல்லாவற்றையும்விட ஆபத்தான வேலை.

2022-இல் மூன்றாவது முறை போனபோது விழுந்தேன். நேர்ப் பாதை முடிந்து வருகிற வளைவில் பிரேக்கைப் பிடித்தபடியே உள்ளே சாய்த்துவிட்டேன். முன்சக்கரம் போய்விட்டது. தோல் உடுப்பு போட்டிருந்ததால் முழங்கையில் ஒரு வீக்கத்தோடு முடிந்தது. பிழை என்னுடையதுதான், வண்டியைச் சொல்லக் கூடாது. வெளியே உட்கார்ந்து வண்டியின் வெளி மூடியான ஃபேரிங்கில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் பாளையங்கோட்டைத் தம்பி பக்கத்தில் வந்தார்.

“அண்ணே, நீங்க எவ்வளவு வெயிட்டு?”

“86.”

“நான் 58. பிரேக் பிடிச்சா உங்க ஃபோர்க் முழுசா முங்குது. அதுக்கப்புறம் டயர் மட்டும்தான் வேலை செய்யுது. பின்னால நின்னு பாத்துக்கிட்டேதான் இருந்தேன்.”

சரியாகச் சொன்னார். என் 2017 மாடல் ஆர்சியின் முன் ஃபோர்க்கில், அதாவது முன்சக்கரத்தைத் தாங்குகிற ஸ்பிரிங் வைத்த இரட்டைக் குழாயில், திருகி மாற்ற ஒன்றும் கிடையாது. பின்னால் ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்திவைக்கிற அளவை, அதாவது பிரீலோடை, மட்டும் மாற்றலாம். அவர் ஓட்டிவந்தது 2021 ஆகஸ்டில் டிவிஎஸ் கொண்டுவந்த பிடிஓ முறையில், அதாவது வாங்குபவர் கேட்கிறபடி ஆலையிலேயே பொருத்தித் தருகிற முறையில் எடுத்த ஆர்ஆர். 12,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்து டைனமிக் கிட் போட்டிருந்தார். அதில் முன் ஃபோர்க்கின் பிரீலோடு, அது அமுங்குகிற வேகத்தைக் கட்டுப்படுத்தும் கம்ப்ரஷன், திரும்ப எழும்புகிற வேகத்தைக் கட்டுப்படுத்தும் ரீபவுண்டு மூன்றையும் மாற்றலாம். அவருக்கு இருந்த குறை வேறு. அவர் எடைக்கு அந்த சஸ்பென்ஷனில் பெரிதாக மாற்ற ஒன்றும் இல்லை. நேர்ப் பாதையில் ஆர்சிக்காரர்கள் அவரைத் தாண்டிப் போவதுதான் பொறுக்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வண்டியை மாற்றி ஐந்தைந்து சுற்று ஓட்டினோம். இறங்கும்போது இரண்டு பேர் முகத்திலும் ஒரே யோசனை.

தாள் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரே மாநிலம் என்பதால் சாலை வரி மறுபடி கட்ட வேண்டியதில்லை. 29, 30-ஆம் எண் படிவங்களில் கையெழுத்து, அவர் வண்டியில் இருந்த கடன் பதிவை நீக்க 35-ஆம் எண் படிவம். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் பெயர் மாற்றிவிட வேண்டும். பலர் இதைத் தள்ளிப்போடுகிறார்கள். விபத்து ஒன்று நடந்த பிறகுதான் அதன் அருமை தெரியும். நோ கிளெய்ம் போனஸ் வண்டியோடு வராது, அது ஆளோடு போகும். புதிதாகப் பிரீமியம் போடும்போது அதைக் கணக்கில் வையுங்கள்.

இப்போது வண்டிக்கு வருகிறேன். ஆர்ஆர் 312.2 சிசி. 34 குதிரைத்திறன், 9,700 ஆர்பிஎம்மில். ஆர்சியில் இருந்து இறங்கி ஏறுகிறவனுக்கு முதல் வாரம் ஏமாற்றமாகத்தான் இருக்கும், எனக்கும் இருந்தது. கிட்டத்தட்ட 10 குதிரைத்திறன் குறைவு என்பது கையில் தெரியும். எடை 174 கிலோ. பாறசாலை போகிற வழியில் ஒரு லாரியைத் தாண்ட நினைத்து ஆக்சிலரேட்டரைத் திருகினேன். ஆர்சி செய்வதை இது செய்யவில்லை. ஒரு கியர் இறக்கித்தான் தாண்ட வேண்டியிருந்தது.

அந்த ஏமாற்றம் தீர்ந்த இடம் பாலமோர் சாலை. தடிக்காரன்கோணம் தாண்டிக் கீரிப்பாறை வழியாக ஏறும்போது தார் ஒரு இடத்தில் வழவழவென்று இருக்கும், அடுத்த வளைவில் பெயர்ந்து கிடக்கும். ஆர்சி அங்கே ஒவ்வொரு பள்ளத்தையும் தோளுக்குச் சொல்லிவிட்டுத்தான் போகும். ஆர்ஆரில் கம்ப்ரஷனைத் தளர்த்திவிட்டு ஏறினேன். பள்ளம் கீழேயே நின்றுவிட்டது. வளைவிலிருந்து வெளியே வரும்போது பின்சக்கரம் தரையை விடாமல் பிடித்துக்கொண்டு தள்ளியது. இதற்கு ஒரு காரணம் அந்த எஞ்சினின் அமைப்பு. பிஎம்டபிள்யூ ஜி 310 ஆரில் இருப்பதும் இதே எஞ்சின்தான். சிலிண்டர் பின்பக்கம் சாய்ந்திருக்கும், காற்று முன்னால் நுழையும், புகை பின்னால் போகும். அதனால் எஞ்சினை முன்னுக்குத் தள்ளிவைத்து, வண்டியின் நீளத்தைக் கூட்டாமலே பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங்ஆர்மை நீளமாக்க முடிந்திருக்கிறது. படித்தபோது இது எனக்கு வெறும் தகவலாகத்தான் இருந்தது. பாலமோரில் ஏறும்போது இடுப்பில் புரிந்தது. ஓசூரில், நம் ஊர்க்காரர்கள் கையில் உருவான வண்டி இது என்பதில் எனக்குத் தனிச் சந்தோஷம் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை.

அப்புறம் மழை. நமக்கு ஜூனிலும் உண்டு, ஐப்பசியிலும் உண்டு. ரப்பர் மரத்துக்கு அடியில் ஈர இலையும் பாசியும் கிடக்கிற சாலையில் ஆர்சியை நான் பயந்துதான் ஓட்டினேன். ஆர்ஆரில் ரெயின் மோடு போட்டால் சக்தி 25.8 குதிரைத்திறனாக இறங்கிவிடும், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கிற ஏபிஎஸ் முன்கூட்டியே வேலை செய்யும். அதில் வருகிற மிஷெலின் ரோடு 5 டயர் ஈரத்துக்கென்றே பிறந்தது. மழையில் பட்டறைக்குப் போய்வர வேண்டியவன் என்கிற முறையில் இந்த ஒன்றுக்காகவே 60,000 ரூபாய் தகும் என்பேன்.

என் அம்மையை ஒரு நாள் திருவட்டாறு கோயிலுக்குப் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போனேன். ஆர்சியில் ஒருமுறை ஏறிவிட்டு “இனி இதில ஏற மாட்டேன் மக்களே” என்று சொன்னவர். இதில் இறங்கியதும், “இது கொள்ளாம்” என்று மெச்சினார்.

தடத்தில் எப்படி என்று கேட்பீர்கள். 2023 ஆகஸ்டில் அதே கரி தடத்துக்குப் போனேன். காலை முதல் அமர்வில், ஆர்சியில் எடுத்த என் சிறந்த நேரத்தைவிட ஏறக்குறைய இரண்டு விநாடி பின்தங்கினேன். டயரில் காற்றைக் குறைத்தேன். ஃபோர்க்கில் ரீபவுண்டை முழுக்க மூடிவிட்டு எட்டு கிளிக் திறந்தேன், கம்ப்ரஷனில் ஆறு. என் எடைக்கு அது பொருந்தியது, உங்களுக்கு வேறாக இருக்கும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, தாளில் எழுதிவைத்து ஓட்டிப் பாருங்கள். மூன்றாவது அமர்வில் வித்தியாசம் அரை விநாடிக்கு வந்தது. நேர்ப் பாதையில் இழந்ததை வளைவுக்குள் எடுத்தேன். நான் விழுந்த அதே வளைவில் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே சாய்க்க முடிந்தது, முன்பக்கம் முங்காமல் நின்றது.

ஆர்சி ஜெயிக்கிற இடத்தையும் சொல்லிவிடுகிறேன். பிரேக்கில் விரல் பட்டதும் வருகிற முதல் கடி ஆர்சியில்தான் நன்றாக இருக்கும். சட்டென்று இடமிருந்து வலம் சாய்ப்பதில் அதன் சுறுசுறுப்பு இதற்கு இல்லை. ரோடு 5 டயர் மழைக்கு நல்லது, ஆனால் மதிய வெயிலில் தடத்தில் ஐந்தாறு சுற்று போனதும் குழைய ஆரம்பிக்கிறது. மாதம் ஒரு முறை தடத்துக்குப் போகிறவர், எடை 70-க்குள் இருக்கிறவர், வீட்டில் வேறு வண்டி வைத்திருக்கிறவர் என்றால் நல்ல நிலையில் ஒரு பழைய ஆர்சி 390 கிடைத்தால் விடாதீர்கள். 2022-இல் வந்த புதிய ஆர்சியில் டேங்க் 13.7 லிட்டராகிவிட்டது. என்னுடையதில் ஒன்பதரைதான். ஆனால் விலை 3 லட்சத்தைத் தாண்டியதால் நான் அந்தப் பக்கம் போகவில்லை. 2024 செப்டம்பரில் ஆர்ஆரையும் 38 குதிரைத்திறனாக ஏற்றிவிட்டார்கள். இப்போது புதிதாக எடுப்பவருக்கு என் பெரிய குறை பாதி தீர்ந்த மாதிரி.

போன ஆடியில் பாளையங்கோட்டைத் தம்பி கூப்பிட்டார். மறுபடியும் முப்பந்தலிலேயே சந்தித்தோம். கணவாய்க் காற்று காற்றாலைகளை விரட்டிக்கொண்டிருந்தது. வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தவே யோசிக்க வேண்டிய நாள். தூரத்தில் வரும்போதே சத்தத்தை வைத்து என் ஆர்சி என்று கண்டுகொண்டேன். நன்றாக வைத்திருக்கிறார், செயினில் ஒரு துளி துரு இல்லை. சாவியை நீட்டி, “காவல்கிணறு வரைக்கும் போய்ட்டு வாங்கண்ணே” என்றார்.

போனேன். காற்று பக்கவாட்டில் அடிக்கும்போதெல்லாம் வண்டி ஒரு சாண் நகர்ந்தது, ஆர்ஆர் இவ்வளவு நகராது. மணிக்கட்டு பழைய வலியை உடனே ஞாபகப்படுத்தியது. சாலை காலியாக இருந்த ஒரு இடத்தில் மட்டும் மூன்றாவது கியரில் ஒருமுறை திருகினேன். ஐந்து வருடம் கேட்ட அதே சத்தம். திரும்பி வந்து இறங்கியதும் அவர், “என்னண்ணே, திருப்பித் தரட்டுமா?” என்று கேட்டார். வேண்டாம் தம்பி என்று சொல்லிவிட்டு, அவர் பின் ஷாக்கின் பிரீலோடு இன்னமும் என் எடைக்கு வைத்த இடத்திலேயே இருப்பதைப் பார்த்தேன். டூல் கிட்டிலிருந்து ஸ்பேனரை எடுக்கச் சொல்லி, கோயில் மதிலுக்குக் காற்று மறைவாக வண்டியைத் தள்ளி, மூன்று படி இறக்கிக் கொடுத்தேன்.