சுண்டுவிரலுக்குப் பலம் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்

41 வயதில் பியானோ வகுப்பில் சேர்ந்தவன் நான். அதற்கு முன் பதினைந்து வருடம் எங்கள் சபையில் 61 கட்டை கீபோர்டு வாசித்த கை, அதனால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று என்ற நினைப்பு. பாதிக் கிணறு தாண்டினால் எங்கே விழுவோம் என்று யோசிக்கவில்லை.

88 கட்டை டிஜிட்டல் பியானோ வீட்டுக்கு வந்த அன்றே விழுந்தேன். பழைய கீபோர்டில் டச்சை ஆஃப் செய்து வைத்திருப்போம், எந்த விரல் பட்டாலும் ஒரே சத்தம். இதில் கட்டையை இறக்கவே ஏறக்குறைய 50 கிராம் எடை வேண்டும், எவ்வளவு வேகமாக இறக்குகிறோமோ அவ்வளவு சத்தம். ஆலயத்தில் பாடும் பாமாலைப் பாட்டை சோப்ரானோ, ஆல்டோ, டெனார், பாஸ் என்று நாலு குரலில் வாசிப்பவர்களுக்குத் தெரியும், மெட்டு மேலே சோப்ரானோவில் இருக்கும், அது பெரும்பாலும் வலது கைச் சுண்டுவிரலில்தான் வந்து உட்காரும். அடியில் பாஸ் இடது கைச் சுண்டுவிரலில். பாட்டின் கூரையும் அஸ்திவாரமும் இருப்பதிலேயே நோஞ்சான் விரல்கள் இரண்டின் தலையில். நான் வாசித்தால் இடையில் வரும் ஆல்டோ கணீரென்று கேட்கும், மெட்டைத்தான் காணோம்.

சரி, பலம் ஏற்றுவோம் என்று ரப்பர் பந்து அமுக்கினேன், ஸ்பிரிங் வைத்த விரல் பயிற்சிக் கருவி ஒன்று வாங்கினேன், ஹானன் என்ற பியானோ விரல் பயிற்சிகளைத் தினமும் அரை மணி நேரம் வேகமாக அடித்தேன். மூன்றாவது வாரம் முன்கையின் வெளிப்பக்கம் வலி, டம்ளரைத் தூக்கினாலே சுரீர் என்றது. ஜெர்மானிய இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமான் கதை எனக்கு அப்போது தெரியாது. 1830களின் தொடக்கத்தில் இப்படித்தான் விரலுக்கு ஒரு கருவி வைத்துப் பழகினார், வலது கை பழுதாகி பியானோ கலைஞர் ஆகும் ஆசையே போயிற்று. கருவிதான் காரணமா வேறு நோயா என்று இன்றும் வாதம் நடக்கிறது, ஆனாலும் நான் அந்த ஸ்பிரிங்கைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டேன்.

வலி அடங்கியபின் ஆசிரியை என் விரலைப் பார்க்கவே இல்லை, முழங்கையைப் பார்த்தார். நான் உட்கார்ந்திருந்தது பிளாஸ்டிக் நாற்காலி, முழங்கை கட்டையைவிட நாலு விரல்கடை கீழே. அதனால் மணிக்கட்டு தொங்குகிறது, கை வெளிப்பக்கமாகச் சாய்கிறது, சுண்டுவிரல் நுனியில் நிற்காமல் பக்கவாட்டில் படுத்துக்கொண்டு கட்டையை அமுக்குகிறது. படுத்திருப்பவனிடம் மூட்டை தூக்கச் சொன்னால் எப்படி? இரண்டு போர்வையை மடித்துப் போட்டு முழங்கையைக் கட்டை மட்டத்துக்குக் கொண்டுவந்தார். அன்றைக்கே மெட்டு பாதி கேட்டது.

அப்புறம் பியானோ மேதை ஷோபான் தன் மாணவர்களுக்குக் கொடுத்த கை நிலை: ஈ, எஃப் ஷார்ப், ஜி ஷார்ப், ஏ ஷார்ப், பி. நீளமான மூன்று விரல்கள் கருப்புக் கட்டைமேல், கட்டைவிரலும் சுண்டுவிரலும் வெள்ளையில். சும்மா வைத்துப் பாருங்கள், கை தானாக வளைந்து நிற்கும். வெள்ளைக் கட்டைகள் மட்டுமே வரும் சி மேஜரில் ஐந்து விரலையும் ஒரே வரிசையில் நிறுத்தித் தொடங்குவதைவிட இது எனக்கு எவ்வளவோ மேல். உங்களுக்கு எப்படிச் சரியானது?

*

நீங்கள் கேட்டதற்கு என் பதில்: எனக்கு வில்லன் டைப்ரைட்டிங். பத்தாவது லீவில் ஹையர் வரைக்கும் முடித்தேன், ஏ எஸ் டி எஃப் என்று பழைய மெஷினில் அடித்து அடித்து சுண்டுவிரல் இரும்பு மாதிரி இருந்தது. ஆனால் அங்கே பழகியது வெட்டி அடிப்பது, அடித்ததும் விரல் துள்ளி எழ வேண்டும். பியானோவில் அப்படி அடித்தால் சுண்டுவிரல் சுரம் மட்டும் ஆணி அடித்தது போலக் கேட்டது. அதனால் எனக்குப் பலம் பிரச்சினையே இல்லை, அடித்தபின் எடையை அங்கேயே விட்டுவிட்டு உட்காரத் தெரியவில்லை. கதவுக் குமிழைத் திருப்புவது போல முன்கையை லேசாகச் சுண்டுவிரல் பக்கம் உருட்டச் சொன்னார்கள். கை உருண்டு வந்து விரல்மேல் விழும், விரல் சும்மா நிமிர்ந்து நின்றால் போதும். இதற்கு எனக்கு நாலு மாதம் ஆனது, பழைய பழக்கம் லேசில் போகாது.

*

மேலே எழுதிய இருவரிடமிருந்தும் எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து. எடை, உருட்டல் எல்லாம் மெதுவான பாட்டுக்குச் சரி. வேகமாக மோதிர விரலும் சுண்டுவிரலும் மாறி மாறி வரும் இடத்தில் முன்கையை எத்தனை தடவை உருட்டுவீர்கள்? என் அனுபவத்தில் பாதிக் குற்றம் மோதிர விரலுடையது. உள்ளங்கையை மேசையில் கவிழ்த்து நடுவிரலை மட்டும் உள்ளே மடித்துவிட்டு மோதிர விரலைத் தூக்கிப் பாருங்கள், பெரும்பாலானவர்களுக்கு அசையாது. புறங்கையில் தசைநாண்கள் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதால் வருவது இது, பயிற்சியால் அறுத்துவிட முடியாது. நான் அந்த மாதிரி இடங்களில் 4-5க்குப் பதிலாக 3-5 (கட்டைவிரல் 1, சுண்டுவிரல் 5) என்று விரல் எண்ணையே மாற்றி எழுதிவிடுவேன். வெட்கப்பட ஒன்றும் இல்லை. மாற்ற முடியாத இடத்தை மட்டும் பாதி வேகத்தில், சத்தம் குறைத்து, ஐந்து நிமிடம்.

*

என் பெண்ணுக்கு எட்டு வயது, சுண்டுவிரலின் கடைசிக் கணு உள்பக்கமாக மடங்கிவிடும். நான் பக்கத்தில் உட்கார்ந்து "விரல், விரல்" என்று கத்தியதில் அவள் தோளைத்தான் இறுக்கிக்கொண்டாள். ஆசிரியர் பியானோவை மூடச் சொல்லி மூடிமேல் விரல்நுனிகளால் நிற்க வைத்தார், கைக்கு அடியில் ஒரு எலுமிச்சை. கணு மடங்கினால் எலுமிச்சை நசுங்கும் என்று விளையாட்டு. காலுக்கு முக்காலி போட்டதும் தோளும் இறங்கியது.

*

கேள்வி கேட்டவன் நான், பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி. 3-5 யோசனையை நேற்றே முயன்றேன், ஒரு இடத்தில் பிரமாதம், இன்னொரு இடத்தில் கை தடுமாறிப் பாட்டே நின்றது. போர்வை இன்னும் நாற்காலியில்தான் இருக்கிறது, வீட்டில் தினமும் திட்டு. இடது கைதான் பாக்கி. பாஸை ஆக்டேவில், அதாவது ஒரே சுரத்தை மேலும் கீழுமாக இரண்டு கட்டையில் சேர்த்து, வாசிக்கும்போது, கை விரிந்த உடனே சுண்டுவிரல் மறுபடியும் படுத்துவிடுகிறது. சின்னக் கை உள்ளவர்கள் அதை எப்படிச் சமாளித்தீர்கள்?