எம்பிசி2000எக்ஸ்எல்: பிளாப்பி டிரைவுக்குப் பதிலா கோடெக் போடலாமா?

கேள்வி: என் எம்பிசி2000எக்ஸ்எல் (அகாய் கம்பெனியோட பழைய சாம்ப்ளர்-சீக்வென்சர், இசை பதிஞ்சு வாசிக்கிற கருவி) பிளாப்பி டிரைவ் எந்த டிஸ்க்கையும் படிக்கலை. ரிச்சி ஸ்ட்ரீட்ல கோடெக் (பென் டிரைவ்ல இருக்குற கோப்பை பிளாப்பி டிஸ்க் மாதிரி காட்டுற பெட்டி) வாங்கி அப்படியே மாட்டினா போதுமா? பழைய டிஸ்க்குகள்ல சீக்வென்ஸ் (பதிஞ்சு வச்ச இசைக் கோர்வை) நிறைய இருக்கு.

பதில் 1: அப்படியே மாட்டினா சிக்கல் வரலாம் சார். கோடெக் பிசி டிரைவ் மாதிரி கேபிளோட 34-வது பின்ல டிஸ்க் மாறினதைத்தான் சொல்லும். பழைய சீக்வென்சர் பலதும் அதே பின்ல ‘ரெடி’ சிக்னலை எதிர்பார்க்கும். வரலைன்னா டிஸ்க்கே இல்லைன்னு எடுத்துக்கும். அதனால கோடெக்ல பிளாஷ்பிளாப்பிங்கிற மாற்று ஃபர்ம்வேர் (உள்ளே ஓடுற மென்பொருள்) ஏத்தி, அதோட அமைப்புக் கோப்பான எஃப்எஃப்.சிஎஃப்ஜில இன்டர்ஃபேஸை ஷுகார்ட்னு (‘ரெடி’ சிக்னல் தர்ற முறை) வச்சுப் பாருங்க. கோடெக் பின்னாடி இருக்குற ஜம்பரை (டிரைவ் எண்ணைத் தேர்வு செய்ற சின்ன இணைப்பு) முதல்ல எஸ்0-ல போடுங்க, சரிவரலைன்னா எஸ்1. பென் டிரைவை ஃபேட்32-ல ஃபார்மேட் பண்ணுங்க.

பதில் 2: ரிப்பன் கேபிள்ல சிவப்பு ஓரம்தான் 1-வது பின். தலைகீழா மாட்டினா டிரைவ் விளக்கு அணையாம எரியும். கோடெக்குக்கு 5 வோல்ட் போதும், மீட்டர் வச்சுப் பார்த்துட்டு மாட்டுங்க.

பதில் 3: எல்லாத்துக்கும் முன்னாடி டிஸ்க்கைக் காப்பாத்துங்க! சென்னை ஈரக்காத்துல பூஞ்சை பிடிக்கும். டிஸ்க்கோட ஷட்டரை (நகர்ற மூடி) நகர்த்தி வெளிச்சத்துல பாருங்க. வெள்ளைப் புள்ளி தெரிஞ்சா டிரைவுல போடவே கூடாது. அழுக்கு ஹெட்ல ஒட்டி அடுத்த டிஸ்க்கையும் கீறிடும். ஐசோப்ரோபைல் ஆல்கஹால்ல மெல்லத் துடைச்சு, காய்ஞ்சதும் பிசி பிளாப்பி டிரைவோட கிரீஸ்வீசல் போர்டை (டிரைவை யூஎஸ்பி வழியா கணினில சேர்க்கிற போர்டு) இணைச்சு ஐஎம்ஜி கோப்பா (டிஸ்க்கோட முழு நகல்) எடுத்துடுங்க. அதே கோப்பு கோடெக்லயும் ஓடும்.