சாயக்கழிவு சுத்திகரிப்பை எல்.சி.ஏ. (பொருளோட வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு) கணக்குல சேர்க்கணுமா? சேர்த்தா எங்க கார்பன் கூடுதே!

அவிநாசிக்காரி எழுதியது:

வணக்கம்ங்க. திருப்பூர்ல ஒரு சாயப்பட்டறையில சுற்றுச்சூழல் அதிகாரியா இருக்கேன். அதிகாரின்னதும் பெருசா நினைச்சுக்காதீங்க. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ரெஜிஸ்டர் எழுதறது, ஃப்ளோ மீட்டரை போட்டோ எடுக்கறது, பையர் ஆடிட்டுக்கு வந்தா ஹெல்மெட் கொடுத்து கூடவே நடக்கறது. இதுதான் வேலை. மூணு வருஷமா.

இப்ப புதுசா ஒரு தலைவலி. ஐரோப்பாவுல இருக்கிற பையர் ஒருத்தர், ஒரு கிலோ சாயம் போட்ட காட்டன் பின்னல் துணிக்கு எவ்வளவு கார்பன்னு கேட்டு எக்செல் ஷீட் அனுப்பியிருக்காங்க. வேற நாட்டு சப்ளையர் ஒருத்தர் ஏற்கனவே கொடுத்துட்டாராம், அவர் நம்பர் நல்லா இருக்காம். எம்.டி. அந்த மெயிலை எனக்கு ஃபார்வர்ட் பண்ணி ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தார்.

எங்க நிலவரம் இது. ஒரு நாளைக்கு 8 டன் துணி. கிலோவுக்கு சராசரி 55 லிட்டர் தண்ணி. கழிவுநீர் முழுக்க குழாய் வழியா பொது சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகுது. அங்க பயாலஜிக்கல் (நுண்ணுயிர் வெச்சு சுத்தம் பண்றது), ஆர்.ஓ., அப்புறம் எவாப்பரேட்டர் (மிச்சத் தண்ணியை ஆவியாக்கி உப்பைப் பிரிக்கறது). தண்ணி எங்களுக்கே திரும்பி வருது, ஒரு சொட்டு வெளியே போறதில்லை.

பட்டறைக்குள்ள மட்டும் பார்த்தா கிலோ துணிக்கு 1.1 யூனிட் கரண்ட். யூனிட்டுக்கு 0.72 கிலோன்னு போட்டா 0.8 கிலோ கார்பன் டை ஆக்சைடு வருது (ரசாயனம், நூல் எல்லாம் தனி). சுத்திகரிப்பு நிலையத்துல நானே போய் நின்னு கேட்டு வாங்கிட்டு வந்த கணக்கு: ஒரு கிலோலிட்டர் கழிவுக்கு 9 யூனிட் கரண்ட், 14 கிலோ விறகு. அதையும் சேர்த்தா கரண்ட்ல மட்டுமே 1.15 கிலோவுக்கு ஏறிடுது. விறகு இன்னும் கணக்குல வரலை.

கன்சல்டன்ட் ஒருத்தரை வெச்சிருக்கோம். அவர் சொல்றார்: "சுத்திகரிப்பு நிலையம் தனி கம்பெனி, தனி கன்சென்ட் (வாரிய அனுமதி). உங்க கேட்டுக்கு வெளியே இருக்கு. கணக்கோட எல்லையிலிருந்து விட்டுடலாம்." கேட்க சுகமா இருக்கு. ஆனா ராத்திரி படுத்தா தூக்கம் வரலைங்க. சுத்தம் பண்ணாம ஆத்துல விடறவன் நம்பர் நல்லா இருக்கு, சுத்தம் பண்றவ நம்பர் கெட்டுப்போகுது. இது என்ன கணக்கு?

இன்னொண்ணு. வெள்ளை, லைட் ஷேட், கறுப்பு எல்லாத்துக்கும் ஒரே நம்பர் கொடுக்கறது சரியா? விறகை எப்படி எழுதறது? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

எல்லைக்கோடு எழுதியது:

உங்கள் கன்சல்டன்ட் இரண்டு கணக்குகளைக் குழப்பிக்கொண்டிருக்கிறார். நிறுவனத்தின் கார்பன் கணக்கு வேறு, பொருளின் கார்பன் கணக்கு வேறு. முதலாவதில்தான் "யாருடைய சொத்து, யார் கட்டுப்பாடு" என்ற கேள்வி வரும். அதிலும்கூட வெளியார் சுத்திகரித்தால் அது காணாமல் போகாது. ஸ்கோப் 3 (நமக்காக வெளியார் வெளியிடும் கார்பன்) என்ற தலைப்பில் வந்து உட்காரும். பொருளின் வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீட்டில் கேட், காம்பவுண்டு, கன்சென்ட் எதற்கும் இடமில்லை. அந்த ஒரு கிலோ துணி உருவாவதற்காக என்னென்ன நடக்கிறதோ அத்தனையும் உள்ளே. இந்த மதிப்பீட்டுக்கான தரநிலையான ஐ.எஸ்.ஓ. 14044 சிலவற்றை விட்டுவிட அனுமதிக்கிறது, உண்மை. ஆனால் எடை, ஆற்றல், சுற்றுச்சூழல் முக்கியத்துவம் மூன்றையும் பார்த்து, அற்பம் என்று காட்டிய பிறகுதான். உங்கள் மின்சாரத்தில் 45 சதவீதம் கூட்டும் ஒன்றை அற்பம் என்று எந்தச் சரிபார்ப்பாளரும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

சேருங்கள். ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். உங்கள் உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

பையர் கேட்டது கார்பன் மட்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் சுற்றுச்சூழல் தடம் முறையில் 16 தாக்கப் பிரிவுகள் உண்டு: பருவநிலை, அமிலமாதல், நன்னீர் நச்சுத்தன்மை, நீர்ப் பயன்பாடு என்று போகும். கார்பன் அதில் ஒன்று. நீர்ப் பயன்பாட்டை அளக்க அதில் அவேர் என்ற முறை. உலகின் ஒவ்வொரு நீர்ப்பிடிப்புப் பகுதிக்கும் 0.1 முதல் 100 வரை ஒரு பெருக்கல் எண் வைத்திருப்பார்கள். தண்ணீர்த் தட்டுப்பாடு கூடக் கூட எண்ணும் கூடும். கொங்குப் பகுதி போன்ற இடத்தில் எடுத்த தண்ணீரைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிற உங்களுக்கு இந்தப் பிரிவில் பெரிய லாபம். அதைக் காட்டாமல் கார்பனை மட்டும் கொடுத்தால் செலவு ஏட்டில் வரும், வரவு வராது.

இன்னொரு கசப்பான விஷயம். அந்த 16 பிரிவுகளில் "உப்பாதல்" என்று தனிப் பிரிவே கிடையாது. ஒரு நதியை, ஒரு தோட்டத்துக் கிணற்றை உப்பாக்கினால் அது அந்தப் பெயரில் எங்கும் பதிவாகாது. அதனால் நான் செய்யச் சொல்வது: சாயம் துணியில் ஏறுவதற்காகக் கிலோ துணிக்கு எத்தனை கிராம் உப்பு போனது, எவ்வளவு மீண்டது, எவ்வளவு எங்கே கிடக்கிறது என்று சரக்குப் பட்டியலில் (உள்ளே வருவதையும் வெளியே போவதையும் எழுதும் பட்டியல்) ஒரு வரியாக எழுதி, அறிக்கையில் கூடுதல் தகவலாகக் கொடுங்கள். மற்ற சப்ளையரிடமும் அதே வரியைக் கேட்கும்படி பையருக்கு எழுதுங்கள். ஒப்பீடு என்றால் இரண்டு பக்கமும் ஒரே எல்லை இருக்க வேண்டும். இது நீங்கள் வைக்கும் கோரிக்கை அல்ல, ஐ.எஸ்.ஓ. 14044-இன் விதி.

ஷேட் பற்றி: ஒரே நம்பர் கூடாது. உப்பு எவ்வளவு என்று நீங்களே போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ துணிக்கு 7 லிட்டர் தண்ணீர் என்ற விகிதத்தில் ஓடும் சாப்ட்ஃப்ளோ சாய இயந்திரத்தில் கறுப்புக்கு லிட்டருக்கு 70 கிராம் உப்பு என்றால் கிலோ துணிக்கு 490 கிராம். லைட் ஷேடுக்கு 20 கிராம் என்றால் 140. வெள்ளைக்கு உப்பே இல்லை. ஆர்.ஓ.வும் எவாப்பரேட்டரும் இருப்பதே உப்புக்காக. அதனால் பயாலஜிக்கல் பகுதியைத் தண்ணீர் அளவிலும், ஆர்.ஓ.வுக்குப் பிந்தையதை உப்புச் சுமையிலும் பிரியுங்கள். எல்லாவற்றையும் கிலோலிட்டரில் பிரித்தால் வெள்ளை பனியன் கறுப்பு டீ-சர்ட்டுக்கு மானியம் கொடுத்ததாகிவிடும்.

விறகு: பொருளின் கார்பன் கணக்குக்கான ஐ.எஸ்.ஓ. 14067-இன்படி உயிர்மக் கார்பனை (விறகு போன்றவற்றிலிருந்து வருவது) தனி வரியில் காட்ட வேண்டும், புதைபடிவக் கார்பனோடு (நிலக்கரி, டீசலிலிருந்து வருவது) கலக்கக் கூடாது. "விறகுதானே, பூஜ்யம்" என்று விட்டுவிடவும் கூடாது. வெட்டுவது, லாரியில் வருவது, பாய்லர் புகையில் வரும் துகள் எல்லாம் உண்டு. எங்கிருந்து வருகிறது?

---

பழைய வின்ச் எழுதியது:

அம்மணி, மேல எழுதுன தம்பி படிச்சவரு, சரியாத்தான் சொல்றாரு. நான் கணக்கு படிக்கலை. 1988ல வின்ச் (பழைய சாய மெசின்) ஓட்ட வந்தவன், அப்புறம் ஃப்ளோர் சூப்பர்வைசர், இப்ப ஊட்ல.

490 கிராம்னு எழுதியிருக்காரு பாருங்க, எங்க காலத்துல அது கம்மிங்க. வின்ச்சுல 1க்கு 20 தண்ணி. கறுப்புக்கு லிட்டருக்கு 70, 80 கிராம் உப்பு. கிலோ துணிக்கு ஒன்றரை கிலோ உப்பு! துணியை விட உப்பு கனம். அத்தனையும் வாய்க்கால், வாய்க்கால்ல இருந்து நொய்யல் ஆறு. ஒரத்துப்பாளையம் அணை 1992ல பாசனத்துக்குன்னு கட்டுனாங்க. எங்க சாயத்தண்ணிக்குத் தொட்டியாப் போச்சு. என்ற பெரியம்மா ஊடு அணைக்குக் கீழ. கிணத்துத் தண்ணியில சோறு ஆக்குனா மஞ்சக்கும். தென்னைக்குக் குருத்து காஞ்சுது. அங்க போறப்ப எங்க வேலைன்னு கேட்டா பனியன் கம்பெனின்னு சொல்லிக்குவேன், சாயப்பட்டறைன்னு சொல்ல மாட்டேன்.

அப்புறம் பொது சுத்திகரிப்பு நிலையம் வந்துது. சுண்ணாம்பு, ஃபெரஸ் சல்ஃபேட் போட்டுக் கலரை எடுத்தாங்க. தண்ணி பார்க்கத் தெளிவா இருக்கும், எல்லாருக்கும் சந்தோசம். நாக்குல வெச்சா உப்பு. கலர் போச்சு, உப்பு போகலீங்க. டி.டி.எஸ். (தண்ணியில கரைஞ்சிருக்கற உப்பு) லிட்டருக்கு 2100 மில்லிகிராம் தாண்டக் கூடாதுங்கறது சட்டம். அது எங்க, நாங்க எங்க. விவசாயிங்க கோர்ட்டுக்குப் போனாங்க. கழிவை ஆத்துல விடக் கூடாதுன்னு 2006ல ஐகோர்ட் சொல்லுச்சு, 2009ல சுப்ரீம் கோர்ட்டும் அதையே சொல்லுச்சு. கேக்கலை. 2011 ஜனவரி 28ல ஐகோர்ட் அத்தனை சாயப்பட்டறையையும் மூடச் சொல்லிடுச்சு. தை மாசம். கரண்டைப் பிடுங்குனாங்க. என்ற மெசினுக்குள்ள துணி பாதி சாயத்தோட நின்னுது. ஒடிசாவுல இருந்து வந்த பசங்க மூட்டையைக் கட்டிட்டு டேசனுக்குப் போனாங்க. நான் அஞ்சு மாசம் மாமனார் தோட்டத்துல தண்ணி கட்டுனேன்.

எதுக்குச் சொல்றேன்னா, உங்க பையர் ஷீட்டுல ஏறுன அந்த 0.35 இருக்குதே, அது கார்பன் மட்டும் இல்லீங்க. அது நொய்யல்ல போகாத உப்பு. அதை மறைக்கறதுக்கு ஏன் கன்சல்டன்ட்டுக்குக் காசு?

ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். எவாப்பரேட்டர்ல கடைசியா வருமே கலப்பு உப்பு, அழுக்கா, மூட்டை கட்டி ஷெட்டுல அடுக்குவாங்களே. அதை உங்க கணக்குல எங்க எழுதியிருக்கீங்க?

---

பேலன்ஸ்ஷீட் எழுதியது:

நான் கணக்குப்பிள்ளை, சுற்றுச்சூழல் ஆள் இல்லை. ஆனா இதையே வேற வழியிலயும் போடலாம்: ஐ.எஸ்.ஓ. 14051, பொருள் ஓட்டச் செலவுக் கணக்கு. சரக்கா வெளியே போகாத ஒவ்வொரு கிலோவுக்கும் என்ன செலவழிச்சோம்னு தனியா எழுதறது. உப்பு துணியில போய்ச் சேர்ற பொருளே இல்லை, சாயத்தைத் துணிக்குள்ள தள்ளிவிட்டுட்டு முழுசா வெளியே வர்றது. அப்ப நீங்க காசு கொடுத்து உப்பு வாங்கறீங்க, காசு கொடுத்து தண்ணியிலிருந்து எடுக்கறீங்க, காசு கொடுத்து மூட்டை கட்டி வைக்கறீங்க. வாங்கறது ஸ்டோர்ஸ் கணக்கு, எடுக்கறது சுத்திகரிப்பு பில், வைக்கறது யார் தலையிலயும் எழுதாத கணக்கு. மூணையும் ஒரே பக்கத்துல எழுதி உங்க எம்.டி. மேசையில வைங்க. கார்பன்னா அவர் மெயிலை ஃபார்வர்ட் பண்ணுவார். ரூபாய்னா எழுந்து வருவார்.

அப்படியே ரீ-டையிங்கையும் பாருங்க. ஷேட் அடிக்காம திரும்ப ஏத்தற லாட்டுக்கு தண்ணி, உப்பு, ஆவி எல்லாம் ரெண்டாவது தடவை. டெலிவரி சலான்ல ஒரு தடவைதான் இருக்கும்.

---

எல்லைக்கோடு எழுதியது:

பழைய வின்ச் ஐயா கேட்டதுதான் சரியான கேள்வி, நான் விட்டுவிட்டேன். சல்ஃபேட் உப்பைப் பிரித்து, உப்புக் கரைசலாகத் திரும்பச் சாயத்துக்கே கொடுத்தால் அந்த அளவுக்குப் புது உப்பு வாங்குவதைக் கழிக்கலாம். கலப்பு உப்புக்கு அப்படிக் கழிக்க முடியாது. ஷெட்டில் இருப்பதை "அகற்றப்பட்டது" என்று எழுத முடியாது; "இருப்பில், முடிவு நிலுவையில்" என்று எழுத வேண்டும். பார்க்க நன்றாக இருக்காதுதான்.

காற்றாலை இருந்தால் அதையும் கவனியுங்கள். அந்த மின்சாரத்தின் பசுமைச் சான்றிதழை வேறு யாருக்காவது விற்றிருந்தால் நீங்கள் உரிமை கோர முடியாது.

---

அவிநாசிக்காரி எழுதியது:

எல்லாருக்கும் நன்றிங்க. நாலு நாள் ஆச்சு, நடந்ததைச் சொல்றேன்.

விறகு ராமநாதபுரம் பக்கத்துச் சீமைக்கருவேலம்னு சப்ளையர் சொன்னார். லாரி ரசீதுல இருந்து தூரம் எடுத்து எழுதிட்டேன். உயிர்மக் கார்பன் தனி வரி.

சுத்திகரிப்புச் செலவை உப்புச் சுமையில பிரிச்சேன். வெள்ளைக்கு நம்பர் பட்டறைக் கணக்கை விடக் கொஞ்சம்தான் கூடுது. கறுப்புக்கு நான் முன்னாடி போட்ட சராசரியை விட எகிறுது. மெர்ச்சண்டைசர் அக்கா பார்த்துட்டு, "கறுப்பு ஆர்டரே வராதுடி"ன்னாங்க. அதுக்கு நான் என்ன பண்ண?

ரீ-டையிங் ரெஜிஸ்டரை எடுக்க ரெண்டு நாள் ஆச்சு, லேப்ல ஒளிச்சு வெச்ச மாதிரி கொடுத்தாங்க. மூணு மாசத்துல 100 லாட்டுக்கு 9 லாட் திரும்ப ஏறியிருக்கு, முக்கால்வாசி கடல்நீலம். எம்.டி.கிட்ட ரூபாய்க் கணக்கோட கொடுத்தேன். பேலன்ஸ்ஷீட் அண்ணன் சொன்னது பலிச்சுது, எழுந்து லேபுக்கே நடந்து போனார். கேள்விக்குறி போடலை.

பையருக்கு 1.15 உள்ள அறிக்கைதான் போகுது. உப்பு வரியோட. கன்சல்டன்ட் அவர் பேரைப் போட வேண்டாம்னுட்டார்.

வின்ச் அய்யா, உங்க மூட்டைக் கேள்விக்கு இன்னும் பதில் இல்லை. சுத்திகரிப்பு நிலையத்துல டன் கணக்கு கொடுத்தாங்க, ஆனா மொத்தமா, எங்க பங்கு எவ்வளவுன்னு இல்லை. ஷெட்டைப் பார்க்கணும்னேன். சாவி வாட்ச்மேன்கிட்ட இருக்காம், அவர் ஊர் நோம்பிக்குப் போயிருக்காராம். திங்கக்கிழமை வர்றார். எண்ணிட்டு வந்து எழுதறேன்.