ஒபீலியாவை உயிரோடு பார்த்த அனுபவம்

விலங்கியல் படித்த எல்லோருக்கும் ஒபீலியா என்ற சிறு கடல் விலங்கு தெரியும். ஆனால் சாயம் ஏற்றிய ஸ்லைடில் பார்ப்பது வேறு, உயிரோடு பார்ப்பது வேறு.

கரை ஒதுங்கிய பழுப்புக் கடற்பாசி ஒன்றின் மேல் வெள்ளை நூல்கள் வரிசையாக நின்றன. இரண்டு சென்டிமீட்டர் உயரம்கூட இருக்காது. அந்தத் துண்டை மட்டும் நறுக்கி, கடல்நீர் ஊற்றிய கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு அசைக்காமல் விட்டேன். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு கிண்ண உறையிலிருந்தும் ஒரு பாலிப் (கூட்டமாக ஒட்டி வாழும் குட்டி உயிர்களில் ஒன்று) தலை நீட்டி உணர்விரல்களை விரித்தது. இவை செடியல்ல, விலங்கு என்று இயற்கையியலாளர் ஜான் எல்லிஸ் 1755-இல் வாதாடியதற்கு இந்தக் காட்சி ஒன்றே போதும் என்று தோன்றியது.

அப்புறம் எந்த இனம் என்ற கேள்வி வந்தது. பாலிப்புகள் சேர்ந்த கூட்டமைப்பின் மொத்த உருவத்தை வைத்து முடிவு செய்வதை நான் ஏற்கமாட்டேன். நீரோட்டத்துக்கும் வயதுக்கும் ஏற்ப அது மாறிவிடும். உறைகளைத்தான் பார்க்க வேண்டும். என் மாதிரியில் தண்டு கோணல்மாணலாக வளைந்து வளைந்து போனது. ஒவ்வொரு வளைவிலும் வளையங்கள் கொண்ட குட்டைக் காம்பு, அதன் மேல் விளிம்பில் பல் இல்லாத ஹைட்ரோதீக்கா, அதாவது பாலிப்பின் கிண்ண உறை. காம்புக்குக் கீழே, தண்டின் ஒரு பக்கத்தில் மட்டும் பெரிசார்க் என்ற வெளியுறை நன்றாகத் தடித்திருந்தது. ஒளியைக் கீழிருந்து விட்டால் அந்தத் தடிப்பு பளிச்சென்று தெரியும். ஒபீலியா ஜெனிகுலாட்டாவுக்கு என்னைப் பொறுத்தவரை இதைவிட நல்ல அடையாளம் இல்லை. ஒபீலியா டைகோட்டோமாவில் இப்படி ஒருபக்கத் தடிப்பு இருக்காது.

லவோமீடியா ஃபிளக்சுவோசா என்ற உறவு இனமும் இதே மாதிரி வளைந்துதான் நிற்கும். அங்கே கோனோதீக்கா என்ற இனப்பெருக்க உறை கைகொடுக்கும். ஒபீலியாவில் அது காம்பின் கக்கத்தில் குடம் போல உட்கார்ந்து, மேலே குறுகிய கழுத்தோடு முடியும். லவோமீடியாவில் கழுத்து கிடையாது, மெடூசா என்ற நீந்தும் குட்டி ஜெல்லிமீன் வடிவமும் வெளியே வராது. கருக்கள் உறைக்குள்ளேயே லார்வா ஆகும்வரை வளரும்.

எனக்குக் கிடைத்த கோனோதீக்காக்கள் முற்றியிருந்தன. கிண்ணத்திலேயே மெடூசாக்கள் நழுவி வெளியே வந்தன, ஒன்றும் ஒரு மில்லிமீட்டரை எட்டவில்லை. தட்டையான உடல், விளிம்பு முழுக்க உணர்விரல்கள். கிளைட்டியா என்ற உறவுப் பேரினத்தின் மெடூசா பிறக்கும்போது பொதுவாக நான்கே உணர்விரல்கள்தான் இருக்கும், அதனால் குழப்பமில்லை. ஆனால் மெடூசாவை மட்டும் வைத்து ஒபீலியாவில் இனம் பிரிக்க முடியாது. பாலிப் கூட்டமைப்பு கையில் இருந்தே ஆக வேண்டும்.

இன்னொன்று. ஜெனிகுலாட்டா என்று நாம் சொல்வதே வெவ்வேறு கடல்களில் நெடுங்காலம் பிரிந்து வளர்ந்த மரபு வழிகள் என்று மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. அதனால் படம் எடுப்பதோடு நிறுத்தாமல், ஒரு தண்டை எத்தில் ஆல்கஹாலில் போட்டு, எந்தப் பாசியின் மேல் இருந்தது, எங்கே, எந்தத் தேதி என்று சீட்டு எழுதி வைத்துவிடுங்கள்.