ஃபார்மா, அனுபவமா? பொல்லார்ட் விஷயத்தில் நீங்கள் யார் பக்கம்?

பெரம்பூர்வாசி:
நேற்று டீக்கடையில் நண்பனோடு ஒரே சண்டை. 2023 ரக்பி உலகக் கோப்பைக்குத் தென்னாப்பிரிக்கா முதலில் அறிவித்த அணியில் ஹாண்ட்ரே பொல்லார்ட் இல்லை. அப்புறம் ஹூக்கர் (ஸ்க்ரம் முன்வரிசை நடுவில் நின்று, லைன் அவுட்டில் பந்தை எறிபவர்) மால்கம் மார்க்ஸ் அடிபட்டதும் அவர் இடத்துக்கு ஃப்ளை ஹாஃபான (ஆட்டத்தை நடத்தி கிக் அடிப்பவர்) பொல்லார்டைக் கூப்பிட்டார்கள். விக்கெட் கீப்பருக்குப் பதில் ஸ்பின்னரை எடுத்த மாதிரி! ஏற்கெனவே ஃப்ளை ஹாஃபாக ஆடிக்கொண்டிருந்த மானி லிபாக் பாவம் இல்லையா?

மெரினா மாமா:
என்ன பாவம்? அயர்லாந்திடம் 13-8 என்று தோற்ற அன்று கிக் எல்லாம் எங்கே போனது? அரையிறுதியில் லிபாக்கை 31வது நிமிடத்திலேயே வெளியே எடுத்தார்கள், பொல்லார்ட் கடைசியில் அடித்த பெனால்டியில்தான் இங்கிலாந்தை 16-15 என்று தாண்டினார்கள். இறுதிப் போட்டியில் அணியின் 12 புள்ளியும் அவர் காலிலிருந்துதான். நமக்கு நள்ளிரவு 12.30க்கு ஆரம்பித்த மேட்ச், வீட்டில் திட்டுவார்கள் என்று மியூட்டில் பார்த்தேன்.

குரோம்பேட்டை குமார்:
ஜெயித்தால் எல்லா தேர்வும் சரிதான் மாமா. அதே இறுதிப் போட்டியில் ஹூக்கர் எம்போனாம்பி ஆரம்ப நிமிடங்களிலேயே அடிபட்டு வெளியேற, ஃபிளாங்கராகவும் (ஸ்க்ரம் ஓரத்தில் நிற்பவர்) ஆடும் டியான் ஃபூரி மீதி நேரம் முழுக்க ஹூக்கர் வேலை பார்த்தார், லைன் அவுட் (பந்து வெளியே போனால் ஓரக்கோட்டிலிருந்து எறிந்து தொடங்குவது) ஆட்டம் கண்டது. 12-11 என்று ஜெயித்ததில் அந்த ஒரு புள்ளி மாறியிருந்தால் இன்னொரு ஹூக்கர் எங்கே என்று நீங்களே கேட்டிருப்பீர்கள்.

மெரினா மாமா:
சரி, அது நியாயம்தான். ஆனால் பெரம்பூர் தம்பி, அதே வருஷம் ஓவலில் நடந்த டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டியில் அஷ்வினை உட்கார வைத்தபோது அனுபவம் அனுபவம் என்று கத்தியது யார்?

பெரம்பூர்வாசி:
அது வேற மாமா. அவர் நம்ம ஊர்.